கஜபதியின் பூக்கொட்டும் கிளி

திருத்தணி கடைத்தெருவில் பூட்டு, குடை, அரிக்கேன் விளக்கு ரிப்பேர் செய்துவந்த கஜபதிக்கு அந்த வருஷத்து வைகாசியில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. உட்கார வேண்டும். எங்கேயோ ஓர் இடத்தில் அல்ல. இளைய மகள் அம்முவின் கல்யாணத்தில், மணையில், பெண்டாட்டி ஜெயம்மாவுக்குப் பக்கத்தில், பெண்ணைப் பெற்றவராக உட்கார வேண்டும்.

இது ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு அது ஆசையில்லைதான். கஜபதி இந்த வட்டாரத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறார். ஒன்றில்கூடத் தாலி கட்டுவதைக் கண்ணால் கண்டதில்லை. அந்த நேரத்தில் அவர் பந்தலின் மேல் குப்புறப் படுத்துக் கையில் கயிற்றைப் பிடித்தபடி, கெட்டி மேளத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். மேளம் உச்சத்துக்கு ஏறியதும் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். பந்தலுக்கு உள்ளே தொங்கும் கிளியின் வயிறு திறந்து, மாப்பிள்ளை பெண் தலையில் பூ கொட்டும். ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் பார்ப்பது மூக்குக்கு நேரே இருக்கும் தென்னங்கீற்றை.

அந்தக் கிளி யார் செய்தது? கஜபதி செய்தது. மதராஸ் போய்ப் பார்த்து வந்து செய்ததில்லை, யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. கே.ஜி.கண்டிகையில் தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தவர். மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எழுந்து வெளியே வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் யாரோ தூக்கிப் போட்ட கிராமபோன் பெட்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அதிலிருந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, தகர டப்பாவுக்குள் வைத்து, கல்யாண வாசலில் நின்று கும்பிடு போடும் பொம்மை ஒன்றைச் செய்தார். முதல் கல்யாணத்தில் சாயங்காலம்வரை அது எல்லாரையும் கும்பிட்டது. ஸ்பிரிங் தளர்ந்ததும் கூப்பிய கை கீழே இறங்கவில்லை. மாப்பிள்ளையின் மாமன் ஒருவர், மரியாதை தெரிந்த மனுஷன், அது கையை இறக்கட்டும் என்று தானும் கும்பிட்டபடியே நெடுநேரம் நின்றார்.

அன்றிலிருந்து பிடித்தது. சைக்கிள் பம்பில் பன்னீர் தெளிக்கும் மயில். வளைகாப்புக்கு, சுற்றிச் சுற்றி வந்து வளையல் நீட்டும் தகர மரம். மூங்கில் பிளாச்சும் கோணிப்பையும் வைத்துக் கட்டிய யானை; அது தும்பிக்கையால் மாப்பிள்ளைக்கு மாலை போடும். ஒரு தடவை மாலை போடுவதற்குப் பதிலாகக் கிராம முன்சீப்பின் தலைப்பாகையைத் தூக்கிவிட்டது. அதற்கும் ஜனங்கள் கைதட்டினார்கள். கஜபதி, யானை வேண்டுமென்றுதான் தூக்கியது என்று முகத்தை வைத்துக்கொண்டார். முன்சீப்பே கடைசியில் நம்பிவிட்டார்.

யுத்தம் வந்தது, ரேஷன் வந்தது. யுத்தம் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. வாய் நிறையச் சோறு போட முடியாத வீட்டுக்காரர்கள், வேடிக்கையாவது காட்டி அனுப்புவோம் என்று கஜபதியைத் தேடி வந்தார்கள். தகரம் கிடைக்கவில்லை, கலர் காகிதம் கிடைக்கவில்லை, பழைய குடைக் கம்பிக்கே ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் கஜபதியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. முடியாது என்ற சொல்லை அவர் வாய் பழகியிருக்கவில்லை. திருவாலங்காட்டிலிருந்து வண்டியில் விடியற்காலை திரும்பி, கடையைத் திறந்து, முகம் கழுவுவதற்குள் அடுத்த கல்யாணத்துக்காரன் வெற்றிலைத் தட்டோடு நிற்பான். இடுப்பு பிடித்துக்கொண்டது. முட்டி மடங்க மாட்டேன் என்றது. பந்தல் ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு அலுப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. பூ கொட்டுகிற சத்தத்தைக் கேட்டால் முன்பு நெஞ்சு நிமிரும். இப்போது, சரி, இறங்கலாம் என்று மட்டும் தோன்றியது.

மூத்த மகள் ரத்தினம்மாளின் கல்யாணத்திலும் அவர் பந்தல் மேலேதான் இருந்தார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது அவருடைய பங்காளி பஞ்சாட்சரம். ரத்தினம்மாள் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், “என்னைக் குடுத்த நைனா சௌக்கியமா?” என்று பஞ்சாட்சரத்தைத்தான் முதலில் விசாரிப்பாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் எல்லாரும் சிரிப்பார்கள். கஜபதியும் சிரிப்பார். பிறகு கடைப்பக்கம் எழுந்து போய்விடுவார்.

அம்முவுக்கு நகரியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் முனிரத்தினம், கரும்பு போடுகிறவர், தெலுங்கு வீடு. நல்ல மனுஷன். நிச்சயத்தன்று நகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்கள் முறைப்படி எங்கள் ஐயரும் வருவார் என்றார். மந்திரம் தெலுங்கில் சொன்னால் என்ன, தமிழில் சொன்னால் என்ன என்று கஜபதி தலையாட்டினார். பாக்கு மாற்றி முடிந்து எழுந்திருக்கும்போதுதான் சம்பந்தி தோளில் கை போட்டுக் கேட்டார்.

“எல்லாம் உங்க இஷ்டம் சம்பந்தி. அந்தக் கிளி மட்டும் இருக்கணும். எங்க ஊரே அதைப் பாக்கத்தான் வண்டி கட்டிகினு வருது.”

ஜெயம்மா உள்ளேயிருந்து புருஷனைப் பார்த்தாள். கஜபதி அவளைப் பார்க்காமல் பேசினார்.

“கிளி இல்லாமயா? இது என் பொண்ணு கல்யாணம். இந்தத் தபா கயிறு இழுக்க ஆளே கிடையாது. கிளி தானாவே பூ போடும், வந்து பாருங்க.”

அதை எப்படிச் செய்வது என்று அந்த நிமிஷத்தில் அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. ஆனால் அவர் செய்ததில் பாதி அப்படிப் பிறந்ததுதான். முதலில் சொல்லிவிடுவார், பிறகு செய்துவிடுவார்.

சம்பந்தி வீட்டார் ரயிலுக்குக் கிளம்பிப் போனதும் ஜெயம்மா வந்து நின்றாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை.

“பெரியவ கல்யாணத்துல மேல படுத்துகினு இருந்தீங்க. இதுலயும் மேல ஏறினா, நானும் கூட ஏறி வந்து பக்கத்துல படுத்துக்குவேன். பொண்ணை யாரு வேணா குடுத்துக்கட்டும்.”

“உக்காருவேன்டி.”

“உக்காரணும்.”

அவ்வளவுதான் பேச்சு. கஜபதி கடைக்குப் போய்க் குந்திக்கொண்டு யோசித்தார். கயிற்றை இன்னொருவன் கையில் கொடுக்கலாம். ஆனால் யார் கையில்? மைத்துனன் துரைக்கண்ணு கூடவே வருகிறவன்தான், நல்லவன்தான். ஒரே ஒரு தடவை அவனிடம் கயிற்றைக் கொடுத்தார். அவன் மேளத்துக்குக் காத்திருக்கையில் தும்மினான். அந்த இழுப்பில் பூவோடு கிளியும் சேர்ந்து வந்து பெண்ணின் பெரியப்பா மடியில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு கஜபதி கயிற்றை எவனுக்கும் கொடுக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் சும்மா பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு காலை ஜெயம்மா செம்பிலிருந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்ததும் பொறி தட்டியது. தாலி கட்டுவதற்கு முன்னால் தாரை வார்ப்பார்கள். பெண்ணின் கையைத் தகப்பன் பிடித்துக் கொடுக்க, தாய் தண்ணீர் ஊற்றுவாள். அந்தத் தண்ணீர் கீழே தாம்பாளத்தில் விழும். விழுகிற தண்ணீரை வேலை வாங்கினால் என்ன?

தாம்பாளத்தின் ஓரத்தில் ஓட்டை போட்டார். ஓட்டையிலிருந்து மெல்லிய மூங்கில் குழாய், மணைக்குப் பின்னால், வாழைமரத்தின் மறைவுக்குப் போனது. அங்கே ஒரு தகரக் குவளை கயிற்றில் தொங்கியது. குவளை நிறைந்து கனத்தால் கீழே இறங்கும். இறங்கினால் கயிறு இழுபடும். இழுபட்டால் கிளியின் வயிற்றை மூடியிருக்கும் முளை உருவிக்கொள்ளும். தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்துவிடாதபடி குழாய்க்குள் துணி அடைத்தார். தாரை வார்த்ததற்கும் தாலி கட்டுவதற்கும் நடுவில் எத்தனை நேரம் ஆகும் என்று உள்ளூர்ப் புரோகிதர் சிவப்பிரகாசத்தைப் போய்க் கேட்டார். தாரை வார்த்தால் உடனே தாலிதான், வெற்றிலை மடித்துப் போட்டுக்கொள்கிற நேரம் என்றார் அவர். கஜபதி வீட்டுக்கு வந்து வெற்றிலை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி துணியை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தார். நாக்குத் தடித்துப்போய் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒத்திகையும் நடந்தது. பரணிலிருந்து பழைய கோணி யானையை இறக்கி மணப்பெண்ணாக உட்கார வைத்தார்கள். துரைக்கண்ணு மாப்பிள்ளை. ஜெயம்மா செம்புத் தண்ணீரை ஊற்றினாள். குவளை மெல்ல இறங்கியது. துரைக்கண்ணு யானையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்ட அதே நொடியில் கிளி வயிறு திறந்து வேப்பிலை கொட்டியது. பூவுக்கு அன்று வழியில்லை. அம்மு சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

“பாவா, பொண்ணு கொஞ்சம் கறுப்பு. ஆனா தும்பிக்கை நல்லா இருக்குது” என்றான் துரைக்கண்ணு.

கஜபதி சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இந்த ஜில்லாவில் இதைச் செய்ய இன்னொருவன் பிறந்து வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் தெரிந்தது. ஏணி ஏற வேண்டாம்.

கல்யாணத்தன்று காலையில் வீட்டு வாசல் பந்தலில் நிற்க இடமில்லை. நகரிக்காரர்கள் ரயிலிலும் வண்டியிலுமாக வந்து இறங்கியிருந்தார்கள். பச்சைக் காகிதச் சிறகும் மிளகாய் மூக்குமாகக் கிளி மணைக்கு மேலே தொங்கியது. வயிறு நிறைய ரோஜா இதழும் சம்பங்கியும். கஜபதி புது வேட்டியோடு மணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் ஒரு தளர்ச்சி பரவியது. எத்தனையோ வருஷத்து அலுப்பு ஒன்றாகச் சேர்ந்து முதுகெலும்பு வழியாக இறங்கி, இனி எழுந்திருக்காதே என்றது.

நகரி ஐயர் வந்து உட்கார்ந்தார். உள்ளூர்ச் சிவப்பிரகாசம் ஒதுங்கிக்கொண்டார். உடனே இரண்டு பேர் மஞ்சள் தடவிய ஒரு திரையைக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் பிடித்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கம், அம்மு இந்தப் பக்கம். கஜபதி அதை ஏதோ கண்ணேறுக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தார். திரைக்குக் கீழே கையை நீட்டி மாப்பிள்ளையின் கையில் அம்முவின் கையை வைத்தார். மகளின் உள்ளங்கை வேர்த்திருந்தது. சின்னப் பிள்ளையில் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படி ஏறும்போது விரலைப் பிடித்துக்கொண்டு வந்த கைதான். ஜெயம்மா செம்பைச் சாய்த்தாள். அவர் சொல்லி வைத்தபடி சொட்டு மிச்சமில்லாமல் முழுச் செம்பையும் ஊற்றினாள். தண்ணீர் கைகளின் மேல் வழிந்து தாம்பாளத்தில் விழுந்து, குழாய்க்குள் போனது.

தாரை முடிந்தது. அடுத்தது தாலி. கஜபதி கெட்டி மேளத்துக்குக் காதைத் தீட்டினார்.

மேளம் வரவில்லை. நாயனம் நிதானமாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது. ஐயர் மந்திரத்தை நீட்டினார். திரை அப்படியே நின்றது. ஒரு அம்மாள் எதையோ அரைத்து உருட்டி வெற்றிலையில் வைத்துக்கொண்டிருந்தாள். கஜபதி பக்கத்திலிருந்த சம்பந்தியின் காதருகே குனிந்து, தாலி எப்போது என்று கேட்டார்.

“அதுக்கு நாழியாவும் சம்பந்தி. நல்ல நேரம் வரட்டும். மொதல்ல ரெண்டு பேரும் தலையில சீரகம் வெல்லம் வச்சிக்கணும், அப்பத்தான் திரை எறங்கும். அப்புறந்தான் தாலி. எங்க பக்கம் இதான முறை? நீங்க பாக்காததா?”

நகரி, புத்தூர்ப் பக்கம் அவர் போகாத ஊர் இல்லை. அத்தனை கல்யாணத்திலும் கீழே திரை பிடித்திருக்கிறார்கள். மேலே படுத்திருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? மேளம் ஏறும், இழுப்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெலுங்குக் கல்யாணம். துரைக்கண்ணு கீழே இருந்தவன்தான். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அவன் பந்தியில் இடம் பிடிக்கப் போயிருப்பான்.

வாழைமரத்துக்குப் பின்னால் குவளையில் தண்ணீர் சொட்டும் சத்தம் அவருக்குக் கேட்டது. நாயனத்தின் நடுவே வேறு எவனுக்கும் கேட்டிருக்காது. திரும்பிப் பார்த்தார். கயிறு விறைத்துக்கொண்டு வந்தது. எழுந்து ஓர் எட்டு வைத்துக் குவளையைக் கையில் தாங்கிக்கொண்டால் போதும். நல்ல நேரம் வரும்வரை அங்கேயே வாழைமரத்தின் பின்னால் குனிந்து நின்று பிடித்துக்கொண்டிருந்து, மேளம் ஏறும்போது விட்டால், கிளி மானத்தைக் காப்பாற்றிவிடும். நகரி ஊரே பார்க்க வந்த கிளி. தானாகப் பூ போடும் என்று அவர் வாயால் சொன்ன கிளி.

துரைக்கண்ணுவைத் தேடினார். எங்கும் காணோம்.

ஜெயம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கயிற்றைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. காலியான செம்பு இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

“போவணும்னா போங்க” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. கோபமில்லை. அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

கஜபதி ஒரு கையைத் தரையில் ஊன்றினார். முட்டியில் வலி சுரீர் என்றது. அம்முவின் புடவைத் தலைப்பு அவர் கணுக்காலின் மேல் விழுந்து கிடந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குவளை இறங்கியது. முளை உருவிக்கொண்டது. கிளியின் வயிறு திறந்தது. நாயனக்காரர் நிதானமாக வாசித்துக்கொண்டிருக்க, திரையில் பட்டு இந்தப் பக்கமாகச் சரிந்து, கஜபதியின் தலையிலும் ஜெயம்மாவின் தலையிலும் பூ கொட்டியது. ஐயரின் குடுமியில் ஒரு சம்பங்கி செருகிக்கொண்டது. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு ஓர் இதழ்கூட இல்லை. பந்தல் முழுக்கச் சிரிப்பு. பஞ்சாட்சரம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கஜபதிக்கு முகம் சூடேறியது. இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை. அவர் செய்ததைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள்.

சம்பந்தி தம் வேட்டியில் விழுந்த இதழைத் தட்டிவிட்டுக்கொண்டே, “கிளி உங்களுக்கே கல்யாணம் பண்ணி வச்சிருச்சே சம்பந்தி” என்றார்.

“என் கையில பொறந்த கிளி. பூவை யாருக்குப் போடணும்னு அதுக்குத் தெரியும்” என்றார் கஜபதி, ஜெயம்மாவின் தலையிலிருந்த பூவைத் தட்டிவிடாமலே.

சீரகம் வெல்லம் வைத்தார்கள். திரை இறங்கியது. அம்மு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டதையும் பார்த்தார். அட்சதைத் தட்டு சுற்றி வந்தது. ஒரு பிடி எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கெட்டி மேளம் எழுந்தது. அவருடைய வலது கை பழக்கத்தில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. கையில் கயிறு இல்லை, அரிசி இருந்தது.

பந்தலில் பாதிப் பேர் அப்போதும் அண்ணாந்து பார்த்தார்கள். வயிறு திறந்த கிளி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு வயிறு வைத்திருப்பான் இந்த மனுஷன், இரண்டாம் தடவையும் கொட்டும் என்று நம்பிப் பார்த்தார்கள். கஜபதியைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அதில் எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் மேலே பார்க்கவில்லை. மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு நழுவி, மறுபடி விழுந்ததைப் பார்த்தார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. மஞ்சள் கயிறு அம்முவின் பின்கழுத்தில், மயிரிழைகளுக்கு நடுவில் பதிந்ததைப் பார்த்தார். இவ்வளவு சின்ன வேலையா, இதற்கா இத்தனை மேளம் என்று இருந்தது.

எல்லாரும் அட்சதை போட்டு முடித்திருந்தார்கள்.

“இன்னும் கையிலயே வச்சிகினு இருக்கீங்களே” என்றாள் ஜெயம்மா. “போடுங்க.”

கஜபதி விரலைப் பிரித்தார். வியர்வையில் அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, எல்லாருக்கும் கடைசியாக, மகள் தலையில் போட்டார். அம்மு திரும்பி, “நைனா” என்றாள்.

ஜனங்கள் பந்திக்கு நகர ஆரம்பித்தார்கள். எங்கிருந்தோ துரைக்கண்ணு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, வெறும் கிளியை அண்ணாந்து பார்த்து, இன்னா பாவா ஆச்சு என்று கேட்டான். வாசலில் பச்சையப்பன் என்று ஒருவர், தம் மகன் கல்யாணத்துக்குக் கிளி வேண்டும் என்று சொல்லக் காத்திருந்தார். கஜபதி மடியில் விழுந்திருந்த இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐயர் குடுமியிலிருந்த சம்பங்கியை எடுத்துக்கொண்டே, பெண்ணின் தகப்பனார் எழுந்திருக்கலாம் என்றார்.

“இருங்க சாமி. கொஞ்ச நேரம் உக்காந்துகினு இருக்கறேன்.”